செத்த தோலுக்குச் சான்றிதழ், உயிருள்ள தோலுக்கு?

1

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பூமியின் வரலாறு இதுவரை மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று ஏற்றுமதியின் வரலாறு: எந்த வருஷம் எத்தனை கோடி அந்நியச் செலாவணி வந்தது என்ற கணக்கு. இன்னொன்று கொடையின் வரலாறு: எந்த முதலாளி எந்தப் பள்ளிக்கூடம் கட்டினார், எந்தக் கல்லூரிக்கு நிலம் கொடுத்தார் என்ற பட்டியல். மூன்றாவது, சமீபத்தில் எழுதப்பட்டது, ஆற்றின் வரலாறு: பாலாறு எப்படிச் செத்தது என்ற ஒப்பாரி. இந்த மூன்றிலும் பச்சைத் தோலைத் தூக்கிய கை இல்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்கிய கால் இல்லை. பறையர் சேரியிலிருந்தும் அருந்ததியர் சேரியிலிருந்தும் விடியற்காலையில் தோல் ஷாப்புக்கு நடந்துபோன உடம்பு இல்லை.

அந்த உடம்பைப் பற்றி எழுத நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன விஷயம். தொழிற்சாலையில் நடக்கும் மருத்துவப் பரிசோதனை. இங்கே அதற்கு 'கேம்ப்' என்று பேர். கேம்ப் வருகிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் அன்றைக்கு வேலைக்கு வரமாட்டார்கள். வந்தவர்களிலும் சிலர் கக்கூஸ் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். 'இன்னாத்துக்கு ரத்தம் எடுக்கிறாங்கோ? எடுத்துகினு போயி இன்னா பண்றாங்கோ?' இந்தக் கேள்வியை எங்கள் தெருவில் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் நைனா உட்பட யாருக்கும் யாரும் பதில் சொன்னதில்லை. நிர்வாகத்தைக் கேட்டால் அறியாமை என்கிறது. தொண்டு நிறுவனக்காரர்கள் 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுகிறார்கள். படித்த நம் பிள்ளைகளும் அதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்வதை நான் மறுக்கிறேன். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. பயமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

2

வட ஆற்காட்டுச் சேரிகளின் வரலாறு ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தைத் தொடாமல் எழுத முடியாதது. பண்ணையாளாகக் கிடந்த நம் முன்னோர்கள் 1880களிலிருந்து அங்கே ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டியது, இறங்கியவர்கள் நாம். ஊரில் செருப்புப் போட முடியாதவன் அங்கே போட்டான். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் கட்டினான். அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையை 1926இல் அப்பாதுரையார் அங்கிருந்துதான் மீண்டும் கொண்டுவந்தார். அந்தப் பெருமை நம்முடையது. அந்தப் பெருமைக்கு நுரையீரலால் கொடுத்த விலையும் நம்முடையது.

1930இல் தங்கவயலில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பல ஆயிரம் பேர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அதற்குக் காரணம் கூலி மட்டும் என்று நினைத்தால் தவறு. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம் மூண்டது. விரல் ரேகை கம்பெனி கையில் போனால் என்ன ஆகும்? ஒரு சுரங்கத்தில் தள்ளப்பட்டவன் பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு சுரங்கத்தில் சேர முடியாது. ஊரில் கடன் பட்டு ஓடி வந்தவனைக் கண்டுபிடித்துவிடலாம். தன் உடம்பிலிருந்து எடுக்கப்படும் அடையாளம் தன்னையே கட்டும் கயிறாகும் என்று அந்தச் சனங்களுக்கு யாரும் கோட்பாட்டு வகுப்பு எடுக்கவில்லை. பண்ணையில் பட்டதை வைத்தே புரிந்துகொண்டார்கள்.

பத்து வருஷம் கழித்து எக்ஸ்ரே வந்தது. கல் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மைசூர் சமஸ்தானம் 1940இல் நஷ்டஈட்டு விதிகளைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் கிடையாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1940க்கும் 1946க்கும் இடையில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ். ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். தொழில்நோய் பற்றிய புத்தகங்களில் இந்த எண் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த 43.7 சதவீதம் யார், எந்தச் சேரிக்காரர்கள், படத்தில் நோய் தெரிந்த பிறகு அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தீராத நோய் அது. கண்டுபிடித்தால் குணமாகாது, ஆனால் வேலைக்கு உலை. அதனால்தான் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பெரியவர்கள் வாயில் 'படம் புடிச்சாங்கோ, அனுப்பிட்டாங்கோ' என்று இரண்டும் ஒரே வாக்கியமாக வரும். பரிசோதனைக்கும் வேலை போவதற்கும் நடுவில் அவர்கள் ஒரு கமா கூடப் போடுவதில்லை.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு முன்பே ஆட்குறைப்பில் வெளியே வந்த குடும்பங்களில் பல திரும்ப இந்தப் பக்கம்தான் வந்தன. வந்தவர்கள் பிள்ளைகள் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பில் நின்றார்கள். எக்ஸ்ரே பற்றிய பயமும் அவர்களோடு அதே ரயிலில் வந்து இறங்கியது.

3

இரண்டாவது நினைவு ரத்தம் பற்றியது.

1986இல் சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தம் ஐஸ் பெட்டியில் ராத்திரி ரயிலேறி வேலூருக்குத்தான் வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. இந்திய மருத்துவ வரலாற்றில் இது பெரிய மைல்கல். டாக்டர் செல்லப்பன் நிர்மலாவின் உழைப்பும் தைரியமும் குறைத்துப் பேசக்கூடியதல்ல. ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு அது எந்த நோய்க்கான சோதனை என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது என்பது விளக்கமாகப் பின்னாளில் சொல்லப்பட்டது. 'சொன்னா புரியாது' என்ற இந்த வாக்கியத்தை நாம் எத்தனை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடப்படவில்லை. அவர்களை விடுவிக்க 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் ஒரு மனுஷியைச் சிறையில் வைக்கப் போதுமானதாக இருந்தது. அடுத்து பம்பாயில், தற்காலிகத் தொழிலாளி ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே வேலை மறுக்கப்பட்டது. வேலை செய்யும் தெம்பு உள்ளவரை நோயைக் காட்டி வெளியேற்றக்கூடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. வேலைக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட 2017 வரை ஆனது. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் தோல் ஷாப்பில் வேலை செய்த ஒருவருக்கு இதெல்லாம் செய்தித்தாள் வழியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் சுற்றி வந்தாலே போதும். லாரி போகும் சாலை ஓரத்து ஊர்கள் நம்முடையவை. ரத்தம் எடுத்தால் என்னென்ன வெளியே வரும், வந்தால் யார் யாருக்குத் தெரியும் என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர்களை அறியாதவர்கள் என்று சொன்னதுதான் அறியாமை.

4

இனி ஷாப்புக்குள் போவோம்.

எங்கள் ஆயா காலத்தில் தோல் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறியது. நாற்றம் உண்டு, சுண்ணாம்பு கையைத் தின்னும், மாட்டிலிருந்து அடைப்பான் நோய் மனுஷனுக்குத் தொற்றிச் சாவும் வந்தது. ஆனால் குரோமியம் பெருவாரியாக வந்தது எழுபதுகளில். சீதாராமய்யா குழு சொன்னபடி, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதை 1973க்குப் பிறகு அரசு கட்டுப்படுத்தியது. முழுசாக முடித்த தோலும் செருப்பும்தான் போக வேண்டும் என்றானது. பட்டை வாரக்கணக்கில் செய்ததை குரோமிய உப்பு ஒரு நாளில் செய்தது. டிரம் சுற்றியது, நீலத் தோல் வந்தது. தேசத்துக்கு டாலர் வந்தது. நம் கைக்குப் புண் வந்தது.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. டிரம்மில் போடும் மூன்றிணைதிற உப்பு ஓரளவு சாது. அது தோலில் ஒவ்வாமையும் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும். ஆறிணைதிற குரோமியம் கொடியது. கையில் விளிம்பு தடித்து ஆழமாகக் குழிந்த புண் போடும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் கவனிக்காமல் விடுவார்கள். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். பல வருஷம் கழித்து நுரையீரல் புற்றுநோய். குரோமேட் தொழிற்சாலைகளில் இவையெல்லாம் வருவது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கவனிக்கப்பட்டது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் 1976இல் தொடங்கி 1995இல் மூடப்பட்டது. மூடிவிட்டுப் போனபோது 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுப் போனது. உலகத்தின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்று என்று 2006இல் ஒரு அமெரிக்க அமைப்பு ராணிப்பேட்டையைச் சேர்த்ததும் எல்லோரும் மண்ணையும் தண்ணீரையும் அளந்தார்கள். அங்கே வேலை செய்த ஆள்களின் மூக்கை அளந்தவர் யார்?

குரோமியம் மட்டுமா? சோடியம் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலமும் கலந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆள் குழிக்குள் சுருண்டுவிடுவான். தூக்கப் போனவனும் சுருள்வான். பஃபிங் தூசி நெஞ்சில் இறங்கும். செருப்புக் கம்பெனியில் பசையின் ஆவி தலையைச் சுற்றும். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தது. 10 பேர் செத்தார்கள். அதில் பலர் மேற்கு வங்கத்துக்காரர்கள். நாம் நின்ற இடத்தில் இப்போது அவர்களும் நிற்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு, 1987இல், 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதல் இருக்கிறது. அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் குரோமியப் புண்ணும் அடைப்பானும் இருக்கின்றன. திருத்தத்தில் சேர்த்த 41 சி பிரிவு என்ன சொன்னது? வேலையில் சேர்க்கும் முன்பு பரிசோதிக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதிக்க வேண்டும். வேலையை விட்ட பிறகும் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பதிவேடு வைக்க வேண்டும். அந்தப் பதிவேடு தொழிலாளி பார்க்கக் கிடைக்க வேண்டும். 1995இல் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. தொழிலாளியின் உடல்நலம் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. அந்தத் தொழிலில் மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது விலகியதிலிருந்து 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது.

நான் பார்த்த கேம்ப்களில் நடந்தது இதுதான். உயரம், எடை, பி.பி., சர்க்கரை, கண். கையைத் திருப்பிப் பார்த்த டாக்டரை நான் பார்த்ததில்லை. மூக்குக்குள் டார்ச் அடித்தவரையும் பார்த்ததில்லை. சீட்டு ஆபீஸுக்குப் போகும். தொழிலாளி கைக்கு வராது. சர்க்கரை இருக்கிறது என்றால் அது அவன் தின்ற சோற்றின் குற்றம். பி.பி. இருக்கிறது என்றால் அவன் குடித்த சாராயத்தின் குற்றம். ஷாப்பின் குற்றமாக வரக்கூடிய எதையும் கேம்ப் தேடுவதில்லை. புண்ணைக் காட்டினால் 'சொறி', 'அலர்ஜி' என்று எழுதி ஒரு களிம்பு.

அந்த ஒரு சொல்லில்தான் காசு இருக்கிறது என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் 'சொறி' என்றால் சாதாரண நோய். அதற்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை, அத்தோடு சரி. அதே புண் குரோமியத்தால் வந்த தொழில்நோய் என்று எழுதப்பட்டால் அது வேலையில் பட்ட காயத்துக்குச் சமம். 90 சதவீத விகிதத்தில் ஊனப் பயன், நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுக்க. பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1943இல், அடர்க்கர் என்பவரிடம் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும் வேலை தரப்பட்டது. 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டம் அதிலிருந்து வந்தது. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது இந்த மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். பெயரை எடுக்கலாம், ஈ.எஸ்.ஐ. அட்டையில் இருக்கும் அவர் கையை எடுக்க முடியாது. அதைப் பிடித்துக்கொள்வது நம் பொறுப்பு.

5

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோஃபினால் என்ற பூசணக்கொல்லியைத் தடை செய்தது. 1994இல் புற்றுநோய் உண்டாக்கும் சில அசோ சாயங்களைத் தடை செய்தது. 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவில் விற்கும், உடம்பில் படும் தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் எட்டக்கூடாது என்று விதி வந்தது. ஒவ்வொரு தடையின்போதும் பாலாற்றங்கரையில் ஒரே பரபரப்பு. சோதனைச்சாலைக்குத் தோல் துண்டு போனது, மருந்து மாறியது, சாயம் மாறியது. பெர்லினில் ஒருத்தர் காலில் அரிப்பு வரக்கூடாது என்பதற்காக ஆம்பூரில் தோலுக்கு நடக்கும் பரிசோதனை அவ்வளவு துல்லியமானது. அதில் ஒரு நன்மையும் உண்டு; அந்த விஷங்கள் நம் கையிலிருந்தும் கொஞ்சம் விலகின. ஆனால் பாருங்கள், செத்த ஆட்டின் தோலுக்கு மில்லிகிராம் கணக்கில் சான்றிதழ் இருக்கிறது. அதை நனைத்து, சவ்வெடுத்து, நீட்டி, தேய்த்த மனுஷியின் தோலுக்கு ஒரு வரிப் பதிவு இல்லை.

மண்ணுக்கும் இதே கதைதான். 1991இல் போடப்பட்ட வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு. நஷ்டத்தைக் கணக்கிட நீதிபதி பாஸ்கரன் தலைமையில் ஆணையம் வந்தது. 2001இல் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு என்று முடிவானது. 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி மறுபடி தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. வரவேற்கிறோம். ஆனால் கணக்கு எதிலிருந்து தொடங்கியது? கெட்டுப்போன நிலத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும். நிலம் யாரிடம் இருந்ததோ அவருக்கு நஷ்டம் இருந்தது. நிலமே இல்லாதவனுக்குச் சொந்தமாக இருந்தது உடம்பு ஒன்றுதான்; அது கெட்டதற்குச் சர்வே நம்பர் கிடையாது. பதிவேடு இல்லாத உடம்பு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. மருத்துவப் பரிசோதனை நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை.

6

ஆகவே பரிசோதனையை எதிர்ப்பது என் நோக்கமில்லை. பரிசோதனை யாருக்காக என்பதே கேள்வி. நம் தோழர்களின் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதைக் கோரிக்கையாக மாற்ற வேண்டும் என்கிறேன்.

ரத்தம் எதற்கு என்ற சந்தேகத்துக்குப் பதில்: ஊசி குத்தும் முன்பு எந்தெந்தச் சோதனை என்று தமிழில், வடநாட்டுத் தோழர்களுக்கு அவர்கள் பாஷையில், சொல்லிவிட்டு, சம்மதம் கேட்க வேண்டும். சொன்னால் புரியும். முடிவு யார் கைக்குப் போகும் என்ற சந்தேகத்துக்குப் பதில்: முதலில் தொழிலாளி கைக்கு. நிர்வாகத்துக்கு, இந்த வேலையை இவர் செய்யலாமா கூடாதா என்பதைத் தவிர வேறு தெரிய வேண்டியதில்லை. வேலை போகுமா என்ற பயத்துக்குப் பதில்: ஷாப்பால் வந்த நோய்க்கு ஷாப்பே வேறு வேலை தர வேண்டும், சம்பளம் குறையாமல். பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு. கர்ப்பம் தெரிந்தால் லைனிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்பது. கேட்காமல் கர்ப்பச் சோதனை செய்யக்கூடாது, பெண் டாக்டர் இருக்க வேண்டும் என்று சங்கங்கள் பேசியாக வேண்டும். கேம்ப் நாள் கூலி வெட்டக்கூடாது. கையையும் மூக்கையும் நெஞ்சையும் பார்க்காத கேம்பைக் கேம்ப் என்று ஒத்துக்கொள்ளக்கூடாது.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைச் சட்டம் போய், 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தில் வந்திருக்கிறது. பதிவேடு வைக்கும் கடமையும் தொழிலாளி அதைப் பார்க்கும் உரிமையும் அதிலும் இருக்கின்றன. ஆனால் தொழிற்சாலை என்பதற்கான ஆள் எண்ணிக்கை, மின்சாரம் உள்ள இடத்தில் 10லிருந்து 20 ஆக ஏறிவிட்டது. சின்ன ஷெட்டும் சப்-கான்ட்ராக்ட் கூடாரமும் எதில் சேரும் என்று கேட்க வேண்டும். ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை.

கடைசியாக ஒன்று. கம்பெனி வைக்கும் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் நம் வரலாறு மறுபடியும் ஒரு சதவீதக் கணக்காக மட்டும் மிஞ்சும். படித்த பிள்ளைகள் சேரிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். யார், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்த வேலை, சுண்ணாம்பா டிரம்மா ஸ்பிரேயா, கையில் என்ன, மூச்சில் என்ன, எந்த டாக்டர் என்ன எழுதினார். பெயரை வெளியில் விடாமல், அவர்கள் சம்மதத்தோடு. பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கேட்டு எழுதப் பொறுமை போதும். தங்கவயலில் இறங்கிய நம் தாத்தாக்களின் எக்ஸ்ரே படங்கள் நம்மிடம் இல்லை. தோல் ஷாப்பில் நிற்கும் அம்மாக்களின் கைகள் இன்னும் இருக்கின்றன. அவை இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.